நேற்றுவரை கூட வேலை செய்தவர்களை இன்று வழிநடத்துவது எப்படி?

தம்பி, தலைமைத்துவத் திறனை வளர்த்துக்கொள்ள எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து, மூன்று வாரத்துக்கு முன்பு 14 பேருக்கு மேற்பார்வையாளர் ஆகியிருக்கிறீர்கள். கேண்டீனில் உங்களோடு ஒரே மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்ட நண்பர் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருகிறார். அவரிடம் வாய் திறக்க முடியவில்லை. 22 ஆண்டு அனுபவமுள்ள மலாய்க்கார அக்கா ஒருவர் நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தன் வழியில் செய்கிறார். நேப்பாளத் தொழிலாளர்கள் ஐந்து பேர் புரிந்தது என்கிறார்கள், பிறகு தவறு நடக்கிறது. கடைசி வரியில், "நான் அதிகம் பேசாதவன், எனக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 1988இல் பள்ளி முடித்த கையோடு, கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறிப் பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்தவள். ஆப்பரேட்டர், லைன் லீடர், மேற்பார்வையாளர், உற்பத்தி மேலாளர் என்று 34 ஆண்டுகள். அதில் கடைசி எட்டு ஆண்டுகள், உங்களைப் போல் புதிதாகப் பொறுப்பேற்றவர்களைப் பழக்குவதும் என் வேலையாக இருந்தது. சரியாக வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பேச்சுத் திறமை இல்லாததால் தோற்றவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதை உரிய ஆளிடம் உரிய நேரத்தில் சொல்லாமல் தள்ளிப்போட்டுத் தோற்றவர்கள்தான் அதிகம்.

அதிகம் பேசாதவர்கள் தலைமைக்கு ஆகமாட்டார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். கலகலப்பானவர்களைத்தான் எல்லோரும் முதலில் தலைவராகப் பார்க்கிறார்கள். ஆய்வுகள் இதைப் பல முறை உறுதி செய்திருக்கின்றன. ஆனால் பொறுப்புக்கு வந்தபின் வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று அளந்தால், கலகலப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு இன்னும் மெலிதாகிவிடுகிறது. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று பீட்சா கடைகளை எடுத்துக்கொண்டது. பணியாளர்கள் தாமாகவே யோசனை சொல்லும் கடைகளில், அமைதியான மேலாளர் இருந்தால் லாபம் கூடியது. பணியாளர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கடைகளில், கலகலப்பான மேலாளர் இருந்தால் லாபம் கூடியது. பீட்சா கடையில் கண்டது நம் லைனுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அமைதியானவர் காது கொடுத்துக் கேட்பார், அதனால் மற்றவர் வாய் திறப்பார் என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் 22 ஆண்டு அக்காவிடம் யோசனைகள் இல்லாமல் இருக்கப்போவதில்லை. அந்த விதத்தில் உங்கள் சுபாவம் உங்களுக்குத் துணைதான்.

எனக்கு இருந்தது நேர்மாறான சிக்கல். என் தந்தை தோட்டத்தில் தண்டல், அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். விடியற்காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் அவர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடும் குரல், நாங்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும். வேலை நடத்துவதென்றால் அப்படித்தான் என்று பார்த்து வளர்ந்தவள் நான். லைன் லீடர் ஆனபோது அந்தக் குரலோடுதான் உள்ளே போனேன். எங்கள் லைனில் வயர் பாண்டிங் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே இயந்திரம் ஒட்டிக்கொண்டே போகும். கம்பி வெளிவரும் நுனி தேய்ந்துவிட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் உற்றுப் பார்ப்பவருக்கு ஒட்டின் வடிவம் லேசாக மாறியிருப்பது தெரியும். ஓர் இரவு ஷிப்டில், பாலிக் புலாவிலிருந்து வந்துகொண்டிருந்த மலாய்ப் பெண் ஒருத்தி அதை இரண்டு மணிக்கே பார்த்துவிட்டாள். ஆனால் இயந்திரத்தை நிறுத்தவில்லை. முந்தைய வாரம் அவள் தேவையில்லாமல் நிறுத்திவிட்டாள் என்று எல்லோர் முன்னிலும் நான் சத்தம் போட்டிருந்தேன். ஐந்து மணிக்குக் கம்பியைக் கொக்கியால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் கம்பி ஒட்டிலிருந்து கையோடு வந்தது. மூன்று மணி நேரத்துச் சரக்கு முழுவதையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தன் காலணியைப் பார்த்தபடி, "தாகுட் காக் மாரா" என்றாள். அக்கா கோபப்படுவீர்களோ என்று பயந்தேன் என்று பொருள். அந்த மூன்று சொற்களும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

என் தந்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். காலையில் சத்தம் போட்டவர் மாலையில் லயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு எந்த நிரையில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கச் சிரமம் என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். நான் குரலை எடுத்துக்கொண்டு அந்த நடையை விட்டுவிட்டேன். அது எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின.

அந்த இரவில் எங்கள் லைனில் இல்லாமல் போனதற்கு ஆய்வுலகில் 'உளவியல் பாதுகாப்பு' என்று ஒரு பெயர் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் முதலில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பது தெரிந்தது. அங்கே இருந்தவர்கள் மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பயமில்லாமல் பேச முடிகிற குழு கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொள்கிற குழு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். வேறு பலரும் பல நாடுகளில் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே இதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் வைக்கிறேன். உங்கள் லைனில் செய்ய வேண்டியது எளிது: யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "நன்றி, சொன்னது நல்லது" என்று இருக்கட்டும். காரணம், பொறுப்பு, பதிவு எல்லாம் இரண்டாவது. அந்த முதல் பத்து விநாடியை மற்ற 13 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் நண்பர். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். இன்னும் தள்ளினால் மற்றவர்கள் அதை நட்புச் சலுகை என்றே முடிவு கட்டுவார்கள். கேண்டீனில் பேச வேண்டாம், லைனிலும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நிச்சயமாக வேண்டாம். ஷிப்டு முடிந்து காலணி மாற்றும் இடத்திலோ வாகனம் நிறுத்துமிடத்திலோ இருவர் மட்டும் நின்று ஐந்து நிமிடம் பேசுங்கள். என்னிடம் பழகியவர்களுக்கு நான் கொடுத்த அமைப்பு இது: பார்த்ததைச் சொல், அதனால் என்ன ஆனது என்று சொல், பிறகு கேள்வி கேட்டு நிறுத்து. உதாரணமாக: "திங்கட்கிழமையும் புதன்கிழமையும் 7.10க்கு வந்தாய். உன் இயந்திரத்தில் இருந்த இரவு ஷிப்டுக்காரர் பத்து நிமிடம் கூடுதலாக நின்றார். புதன்கிழமை அவருடைய தொழிற்சாலை பஸ் போய்விட்டது, பட்டர்வொர்த்துக்குத் தன் காசில் போயிருக்கிறார். என்ன நடக்கிறது?" அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மௌனம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதை நீங்கள் நிரப்ப வேண்டாம். அதிகம் பேசாதவர் என்றீர்களே, இந்த இடத்தில் அது பெரிய உதவி. "நீ முன்பு மாதிரி இல்லை", "உனக்குப் பொறுப்பே இல்லை" போன்ற சொற்கள் மட்டும் வந்துவிடக் கூடாது. 1996இல் இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதன் விளைவை அளந்த 600க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொதுவாக வேலைத்திறன் கூடியது என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும் இடத்தில்தான் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

அவர் சொல்லும் காரணம் உண்மையாகவே இருக்கலாம். தாயை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் மனிதவளப் பிரிவிடம் போய் ஷிப்டு மாற்றம் கேட்பது உங்கள் கடமை. காரணம் இல்லையென்றால், எந்த நாளிலிருந்து எத்தனை மணிக்கு வருவார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அன்றே உங்கள் குறிப்பேட்டில் தேதியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். நட்பு என்ன ஆகும் என்று கேட்டால், சில நட்புகள் குளிர்ந்துபோகும். எனக்கும் ஒன்று போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் நேராகச் சொன்னதற்காக நான் இழந்த நட்பைவிட, சொல்லாமல் மனதுக்குள் கசந்து இழந்த நட்புகளே அதிகம்.

அக்காவின் விஷயம் வேறு. அவர் உங்களை எதிர்க்கவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே என் ஊகம். மலாய் மொழியில் "ஆயர் முகா" என்பார்கள், முகத்தின் பொலிவு, மானம். அதைக் காப்பது நம் ஊரில் எல்லா இனத்தாருக்கும் பெரிய விஷயம். அவர் முறையைப் பத்துப் பேர் முன்னால் திருத்தாதீர்கள். அவருடைய இயந்திரத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, "காக், இதை ஏன் இந்த வரிசையில் செய்கிறீர்கள்?" என்று கற்றுக்கொள்கிறவராகக் கேளுங்கள். அவர் வழி மேலானது என்றால் அதைச் செயல்முறை ஆவணத்தில் ஏற்ற முயலுங்கள், அவர் பெயரைச் சொல்லியே ஏற்றுங்கள். தரத்துக்கு ஆபத்தானது என்றால் காரணத்தைக் காட்டி, தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே வயதுக்கு மரியாதை என்று வளைந்துகொடுக்க இடமில்லை. லைனில் ஏதாவது மாற்றம் வரப்போகிறது என்றால் மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பாகவே அவர் காதில் போடுங்கள். அவ்வளவிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்ததைப் பல முறை கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி காட்டும் ஒரு படத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்பவரின் ஆய்வில், மேலிருப்பவரின் அதிகாரத்தைக் கீழிருப்பவர் ஏற்றுக்கொள்ளும் அளவில் மலேசியா 104 புள்ளிகளோடு உச்சியில் நிற்கும். எண் உண்மை. ஆனால் அந்தத் தரவு 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டியது. அதை வைத்துக்கொண்டு "நம் ஆட்களுக்கு அதட்டினால்தான் வேலை நடக்கும்" என்று முடிவு செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. அன்றைய அளவீடு, இன்று உங்கள் முன் நிற்கும் 14 பேரைப் பற்றி எதுவும் சொல்லாது.

நேப்பாளத் தம்பிகளிடம் "பஹாம்?" என்று கேட்காதீர்கள். புரிந்ததா என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், ஊர் விட்டு ஊர் வந்து வேலைக்கு அஞ்சி நிற்பவர்கள் கேட்கவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் வேலை தெரியாதவர்கள் திரளாக வந்தார்கள். அவர்களுக்கு விரைவாகக் கற்றுக்கொடுக்க 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானில் ஆழமாக வேரூன்றியது. எனக்கு அதை ஒரு ஜப்பானியப் பயிற்றுநர் கற்றுக்கொடுத்தார், நாலே படிகள்தான். முதலில் ஆளை இயல்பாக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்ப்பது. அடுத்து, வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டி, ஒவ்வொரு படியிலும் எதில் கவனம் வேண்டும், ஏன் என்று சொல்வது. மூன்றாவது, அவரைச் செய்ய வைத்து, செய்துகொண்டே காரணத்தை அவரே சொல்லும்படி கேட்பது. கடைசியாக, தனியே விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது, பிறகு வருகையைக் குறைப்பது. பெரும்பாலானோர் இரண்டாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். மொழி போதாவிட்டால் கையால் சுட்டிக் காட்டினாலும் போதும். ஐவரில் மலாய் நன்றாகப் பேசும் ஒருவருக்கு முதலில் இந்த நாலு படியில் கற்றுக்கொடுத்து, மற்றவர்களுக்கு அவர் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் குறை கற்றுக்கொடுத்தவரிடம் என்ற எண்ணத்தோடு தொடங்குவது அந்தத் திட்டத்தின் அடிப்படை விதி. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

அதிகாரத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கோபத்தில் "வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன்" என்று சொல்லும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குவதென்றால் முறையான விசாரணை வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிடலாம். அப்போது உங்கள் குறிப்பேடும் நீங்கள் பேசிய சொற்களும் முன்னால் வரும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி என்ற வரம்பு உண்டு. ஆள் பற்றாக்குறை நாளில் யாரை நிற்கச் சொல்வது என்று முடிவு செய்யும்போது இவை மனதில் இருக்கட்டும். எப்போதும் மறுக்காத அதே மூன்று பேரையே கேட்பது அநியாயம்.

பயிற்சிக்கு வருகிறேன். சொந்தக் காசு செலவழிப்பதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் ஊதியத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பயிற்சிக் கட்டணமாகச் செலுத்துகின்றன. உங்களைப் பயிற்சிக்கு அனுப்பும் பணம் ஏற்கெனவே அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். எந்தப் பயிற்சி என்றால், கடினமான பேச்சை வகுப்பிலேயே ஆளுக்கு ஆள் பேசிப் பழக வைத்து, பார்த்துத் திருத்தும் பயிற்சி. ஆளுமையை நான்கு நிறமாகவோ நான்கு எழுத்தாகவோ பிரிக்கும் தேர்வுகள் பேச்சைத் தொடங்க உதவும். அவற்றை நம்பி யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்யும் அளவுக்குச் சான்று கிடையாது. கற்பதில் 70 விழுக்காடு அனுபவம், 20 பிறரிடமிருந்து, 10 வகுப்பு என்ற கணக்கையும் சொல்வார்கள். வெற்றி பெற்ற நிர்வாகிகள் தாங்கள் எப்படிக் கற்றோம் என்று நினைவிலிருந்து சொன்னதை வைத்து எழுந்த கணக்கு அது. துல்லியமான அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது. அனுபவத்திலிருந்து கற்கிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அனுபவம் தானாகக் கற்றுக்கொடுப்பதில்லை. அந்த இரவுக்குப் பிறகு நான் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும், அன்று யாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன் என்று ஒரு வரி எழுதத் தொடங்கினேன். பாலம் கடந்து முடிவதற்குள் எழுதிவிடுவேன். நான் போன எந்த வகுப்பையும்விட அந்தக் குறிப்பேடு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

நான் அறிந்தது உற்பத்திக்கூடம். மென்பொருள் நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ குழுவை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், கற்றுக்கொடுக்கும் முறையும் தாமதத்தைப் பற்றிய பேச்சும் அவர்கள் வேலைக்கேற்ப மாறும் என்பதை மனதில் கொள்ளட்டும். உங்கள் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் இருந்தால், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கூட்டு ஒப்பந்த விதிகளை முதலில் மனிதவளப் பிரிவிடம் வாங்கிப் படித்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: நண்பரிடம் பேசுங்கள். அதற்கு முந்தைய இரவு, சொல்லப்போகும் முதல் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி, வீட்டில் யாரிடமாவது இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று இங்கே வந்து எழுதினால், அடுத்த அடியை அந்தப் பதிலைப் பார்த்துச் சொல்கிறேன்.